பதிவில் இன்னும் மனைவி

பதிவிலாகாவில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா என் அடையாள அட்டையான ஐசியின் எண்ணைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “புவான், நீங்க இன்னும் ஒருத்தரோட மனைவி” என்று மலாயில் சொன்னார். குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் என் கணவன் வீட்டை விட்டுப் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவனைப் பற்றி ஒரு வார்த்தைகூட வந்ததில்லை. இத்தனை காலத்தில் அந்தப் பந்தம் தானாகவே இற்றுப்போயிருக்கும், அரசாங்கத்துக்கும் அது தெரிந்திருக்கும் என்று ஏதோ ஒரு அசட்டு நம்பிக்கையில் போய் நின்றிருந்தேன்.

நான் கேட்டது ஒரே ஒரு தாள்தான். இந்தப் பெண் இப்போது யாருக்கும் மனைவி இல்லை, இவள் கல்யாணம் செய்துகொள்ளத் தடை எதுவும் இல்லை என்று பதிவிலாகா எழுதித் தரும் தாள். அது இல்லாமல் நார்வேயில் எங்கள் கல்யாணத்தைப் பதிய மாட்டார்கள்.

நார்வேயில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர். அங்கே ஒரு கடலோர ஊரில் பஸ் ஓட்டுகிறார். பாசிர் கூடாங்கில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் வேலை பார்க்கும் தோழிக்கு அவர் தூரத்துச் சொந்தம். அவள் மகள் கல்யாணத்துக்காக ஜோகூர் பாரு வந்தவர், பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். ரசத்தில் உப்பே இல்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அங்கே ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் போனில்தான் பேசினோம். என் நாற்பத்திரண்டாவது வயதில், ஒரு மனிதர் என்னிடம் “இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?” என்று கேட்பதற்காக நான் ஷிப்ட் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவிலாகாவிலிருந்து வெளியே வந்ததும் அவருக்குத்தான் முதலில் சொன்னேன். “பயப்பிடாதேங்கோ. எவ்வளவு காலம் எண்டாலும் நான் இருப்பன்” என்றார். நான் பயந்தது அவர் இருப்பாரா மாட்டாரா என்பதற்காக இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பயந்தது இன்னொருவன் இருக்கிறானா என்பதற்காக.

என் கணவனுக்குக் கோபம் வந்தால் எதிரே இருப்பது சுவரா ஆளா என்று தெரியாது. என் வலது மணிக்கட்டு இன்றைக்கும் மழை நாளில் வலிக்கும். அதை அவன் முறுக்கியதற்குக் காரணம், கடைக்காரனிடம் மீதிச் சில்லறை வாங்கும்போது நான் சிரித்தேனாம். அவன் போனது ஒரு சாயங்காலம். சட்டையில் ரத்தத்தோடு வந்தான். அவன் வேலை செய்த தொழிற்சாலையின் கேட்டில் ஒரு லாரி டிரைவரோடு சண்டை. ஆளை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டதாகவும், அந்த ஆள் அசையாமல் கிடந்ததாகவும் சொன்னான். ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு, “போலீஸ் கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு மோட்டர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். போலீஸ் வரவில்லை. அந்த டிரைவர் தலையில் தையல் போட்டுக்கொண்டு அடுத்த வாரமே வேலைக்கு வந்துவிட்டார். புகார்கூடக் கொடுக்கவில்லை. இதை அவனுக்குச் சொல்ல எங்களிடம் எந்த எண்ணும் இல்லை. அவன் பழைய போனை அன்றைக்கே அணைத்துவிட்டான்.

எங்கள் என்றால் நானும் அத்தையும். அவனுடைய அம்மா. அவர் எனக்கு முன்னாலேயே அந்த வீட்டில் இருந்தவர்; மகளைப் பெக்கோக்கில் கட்டிக்கொடுத்திருந்தார். அவன் போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் அதே வீட்டில் இருந்தோம். நான் வேலைக்குப் போவேன், அவர் சமைப்பார், சாயங்காலம் இருவரும் டிவி பார்ப்போம். அவனைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம். சாமி படத்துக்கு விளக்கு வைக்கும்போது அவர் உதடு அசைவதைப் பார்த்து, மகன் திரும்பி வரவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறார் என்று நினைப்பேன். அப்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

நான் பார்க்கப் போன லோயர் ஒரு சின்ன வயதுப் பெண். ஜோகூர் பாருவில் ஒரு கடை மாடியில் ஆபீஸ். “அக்கா, ஏழு வருஷத்துக்கு மேல ஒரு தகவலும் இல்லன்னா, அவர் உயிரோட இல்லன்னு வச்சுக்கிட்டு கல்யாணத்தைக் கலைக்கச் சொல்லி ஹை கோர்ட்டுல மனு போடலாம். ஆனா அவர நல்லாத் தேடிட்டோம்னு காட்டணும். பேப்பர்ல போட்டோ போட்டு விளம்பரம் கொடுக்கணும். அவர் குடும்பத்துல ஒருத்தர், எங்களுக்கும் ஒரு தகவலும் இல்லன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்து போடணும். அவங்க அம்மா இருக்காங்களே?”

அம்மா இருக்கிறார். ஆனால் பெற்ற மகன் செத்துப்போனதாக வைத்துக்கொள்ளுங்கள், நான் வேறு கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவரிடம் போய் எப்படிக் கேட்பது? இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. போன் வந்தால் பின்கட்டுக்குப் போய்ப் பேசினேன்.

கடைசியில் அத்தையே கேட்டார். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், “அந்த நார்வேக்காரர் என்னதான் சொல்றாரு?” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?”

“சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பேசினா எனக்குக் கேக்காதா? காது நல்லாத்தான் இருக்கு.”

எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட், விளம்பரம், கையெழுத்து. அவர் கை நின்றுவிட்டது.

“செத்துட்டான்னு நான் எழுதிக் குடுக்கணுமா?”

“அப்படி இல்ல அத்தை. ஒரு தகவலும் வரலன்னு மட்டும்.”

“அது உண்மைதானே” என்றார். இன்னொரு நெத்திலியை எடுத்துக்கொண்டு, “எந்தக் கிழமை போகணும்?” என்று கேட்டார்.

சத்தியப் பிரமாணம் எடுக்கும் இடம் லோயர் ஆபீஸுக்குக் கீழே இருந்த சின்ன அறை. அங்கிருந்த அதிகாரி ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். லோயர் படித்தாள். ‘என் மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு எந்த அறிகுறியும் என்னிடம் இல்லை’ என்ற வரி வந்ததும் அத்தை கையைத் தூக்கி நிறுத்தினார். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ம், படிம்மா” என்றார். எஸ்டேட் பள்ளியில் கற்ற எழுத்தில், பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விளம்பரம் தமிழ்ப் பேப்பரிலும் மலாய்ப் பேப்பரிலும் வந்தது. எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து என்னை வெட்டிவிட்டு அவன் முகத்தை மட்டும் போட்டிருந்தார்கள். தோளில் என் மாலையின் ஒரு ஓரம் தெரிந்தது. ‘இவரைப் பற்றித் தெரிந்தவர்கள்’ என்று தொடங்கி, லோயர் ஆபீஸ் எண்ணோடு முடிந்தது. அதில் என் பேர் இருந்தது. எதற்காகத் தேடுகிறோம் என்றும் இருந்தது.

அதுவரை நான் பயந்தது இருக்கிறானோ இல்லையோ என்று. அதற்கப்புறம் நானே அவனைக் கூப்பிட்டுவிட்டேன் என்று பயந்தேன். எங்கேயோ ஒரு சாப்பாட்டுக் கடையில் பொட்டலம் மடித்த பேப்பரை அவன் பிரிப்பதுபோலவும், எண்ணெய்க் கறைக்கு நடுவே தன் முகத்தைப் பார்ப்பதுபோலவும் நினைப்பு வரும். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் மோட்டர் உண்டு. ஒவ்வொன்றும் எங்கள் சந்துக்குள் திரும்பும்போது என் கை செய்யும் வேலையை விட்டுவிடும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் தூரத்தைத் தோழியின் காரில் வர ஆரம்பித்தேன். வீட்டுக் கிரில் கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கினேன். அத்தை அதைப் பார்த்தார். மறுநாள் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது இரண்டு பூட்டும் உள்ளே போட்டிருந்தது.

விளம்பரம் வந்து ஒரு மாசம் யாரும் கூப்பிடவில்லை. இனி வராது, மனு போட்டுவிடலாம் என்று லோயர் சொன்ன வாரத்தில்தான் அந்த போன் வந்தது. பத்து பாகாட் ஊரில் கார் கழுவும் கடை வைத்திருப்பவர். தன்னிடம் வேலை செய்கிற ஆள் வேறு பேர் சொல்கிறான், ஆனால் அதே முகம் என்றாராம்.

“நீங்க போக வேணாம் அக்கா. நான் ஆள் வச்சுப் பார்க்கச் சொல்றேன்” என்றாள் லோயர். ஆனால் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டியது எங்களுக்குத்தானே. அவளுக்கே அடுத்த வாரம் பத்து பாகாட் கோர்ட்டில் ஒரு வேலை இருந்தது. தன் காரிலேயே வரச் சொன்னாள். போகிற நாள் காலையில் நான் அத்தையிடம் நீங்கள் வீட்டில் இருங்கள் என்றேன். அவர் ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டிருந்தார்.

வழி முழுக்க அவனாக இருக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவனாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறார் என்று நினைத்தேன். ஒரே காரில் இரண்டு வேண்டுதலும் போகிறதே என்று அவர் முகத்தைப் பார்க்கக்கூட என்னால் முடியவில்லை.

கடை பெரிய சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை, கீழே நுரைத் தண்ணீர். ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு வேனின் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். தலை பாதி வழுக்கை. இது அவன் இல்லை என்று எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அப்போது அவன் கழுத்தை ஒரு பக்கமாகச் சொடுக்கினான். அடிப்பதற்கு முன்னால் அப்படித்தான் சொடுக்குவான். என் மணிக்கட்டை நானே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

அவன் திரும்பினான். எங்களைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டான். முதலில் அவன் பார்த்தது எங்களுக்குப் பின்னால், சாலையை.

“போலீஸக் கூட்டிட்டு வந்தியா?”

அவன் என் பக்கம் நடந்து வந்தான். என் கால் தானாகப் பின்னால் போனது. கார் கதவு முதுகில் இடித்தது.

அத்தை நடுவில் வந்து நின்றார். என் தோள் உயரம்தான் இருப்பார். “அங்கயே நில்லு” என்றார்.

அவன் நின்றான்.

“அந்த லாரிக்காரன் உயிரோட இருக்கான். உன்ன யாரும் தேடல. நாங்கதான் தேடுறோம்.”

அவன் முகம் என்ன ஆனது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. “உயிரோடயா?” என்று கேட்டான். இரண்டாவது முறையும் கேட்டான். பக்கத்தில் இருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். எட்டு வருஷம் வேறு பேரில், பேங்க் கணக்கு இல்லாமல், காய்ச்சலுக்குக்கூட அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருக்கிறான். எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

லோயர் நிதானமாக, நார்வே கல்யாணம் வரை விஷயத்தைச் சொன்னாள். ஆள் கிடைத்துவிட்டதால் அந்தப் பழைய மனு இனி வேண்டாம், இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் விவாகரத்து சுலபமாக முடியும் என்றாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குத் தெரிந்த சிரிப்பு.

“நான் இங்க ஒளிஞ்சு கெடக்கிறேன், இவளுக்கு வெளிநாட்டுல மாப்பிள்ளையா? சரி, போடறேன். ஆனா அம்மா என்கூட வந்து இருக்கணும்.”

அத்தை மகனோடு இருக்கத்தான் ஆசைப்படுவார், இதில் நான் பேச என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம். அவரை இவனிடம் விட்டுவிட்டு நான் விமானம் ஏறுவதா என்று இன்னொரு பக்கம்.

“நான் வரமாட்டேன்” என்றார் அத்தை. “நீ கையெழுத்துப் போட்டாலும் வரமாட்டேன், போடாட்டாலும் வரமாட்டேன். உன் மோட்டர் சத்தம் கேட்டா இவ மட்டுமா பயந்தா? அவ கைய நீ முறுக்கினப்ப நான் அடுப்படியில வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். நீ போனப்புறம்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன். பெத்தவ சொல்ற பேச்சா இது? ஆனா அதுதான் நடந்துச்சு.”

எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். விளக்கு முன்னால் அவர் வேண்டிக்கொண்டது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

லோயர் மட்டும் பதறவில்லை. “சார், நீங்க சைன் பண்ணலன்னாலும் விட்டுட்டுப் போனதுக்குத் தனியா கேஸ் போடுவோம். கொஞ்சம் லேட் ஆகும்லா, அவ்வளவுதான்” என்று அவன் கையில் தன் கார்டைக் கொடுத்தாள். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். முன்பு இருக்கிறானோ என்று பயந்தேன். இப்போது இருக்கிறான், எங்கள் வீடு எங்கே என்று அவனுக்குத் தெரியும். நார்வேக்காரர் லீவு போட்டுவிட்டு வரவா என்றார். வேண்டாம் என்றேன். இவரைப் பார்த்தால் அவனுக்கு என்ன வெறி பிடிக்குமோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வந்தான். மோட்டரில் இல்லை, பஸ்ஸில் வந்து நடந்து வந்திருந்தான். கேட்டைத் திறந்து வந்து கிரில் கதவுக்கு வெளியே நின்றான். நான் போனில் போலீஸ் எண்ணை அழுத்தி, கூப்பிடும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

“உள்ள வரலாமா?” என்று கேட்டான்.

“வேணாம்” என்றார் அத்தை.

அவன் கம்பியைப் பிடித்தான். உலுக்கப்போகிறான் என்று நினைத்தேன். உலுக்கவில்லை. “ஒரு டீயாவது குடும்மா” என்றான்.

அத்தை அடுப்படிக்குப் போய் டீ ஆற்றினார். கிரில் கம்பிக்கு நடுவே கோப்பை நுழையாது. பூட்டைத் திறக்கவும் அவர் நினைக்கவில்லை. கடையில் கட்டித் தருவதுபோல டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, சுருக்குப் போட்டு, ஒரு ஸ்ட்ராவைச் சொருகிக் கம்பி வழியாக நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, செருப்பு வைக்கும் இடத்தில் நின்றபடியே குடித்தான். பையில் ஒன்றும் இல்லாமல் ஆகும்வரை உறிஞ்சினான். பிறகு, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டான்.

கோர்ட்டில் அவன் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். சலவை செய்த சட்டை. நீதிபதி அவனிடம், உன் விருப்பத்தோடுதானா என்று கேட்டார். அவன் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் உள்ளங்கையில் நகத்தைப் பதித்திருந்தேன் என்பது அப்புறம் தடத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. “ஆமாம்” என்றான். இறுதி ஆணை வர மேலும் சில மாசம் ஆகும் என்றார்கள். அந்த மாசங்களிலும் நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. அவன் மறுபடி வரவில்லை. இப்போது சொந்தப் பேரில் வேலை செய்கிறான் என்று லோயர் சொன்னாள்.

ஆணை வந்து, பதிவிலாகாவில் என் பதிவு மாறி, நான் கேட்ட தாள் கைக்கு வந்தது. வெளியுறவு அமைச்சின் முத்திரைக்காக ஒரு பயணம், மொழிபெயர்ப்புக்காக இன்னொரு பயணம். ஒவ்வொரு கவுண்டரிலும் யாராவது “ஒரு நிமிஷம்” என்று சொல்லித் திரையைப் பார்த்தால் நான் கோர்ட் ஆணையைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் முத்திரை குத்தித் தந்தார்கள்.

புறப்படுவதற்கு முன்னால் அத்தையைப் பெக்கோக்கில் இருக்கும் அவர் மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் மகள் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. வாசலில் உட்கார்ந்து அவர் பயத்தங்காய் நறுக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு அம்மா வேலி ஓரம் வந்து, “யாரு இது?” என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

“என் மருமக” என்றார் அத்தை. “அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம்.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். விளக்கம் வரும் என்று காத்திருந்தார். அத்தை கொடுக்கவில்லை. இன்னொரு பிடி பயத்தங்காயை எடுத்து நுனியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, “ரயிலுக்கு நேரமாச்சுல்ல, கெளம்பு” என்று என்னிடம் சொன்னார்.